கதைமாந்தர் யாருக்கு உரியவர்?

மாலை ஏழு மணி. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலும், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளை அடுத்த வாடகை வீடுகளிலும் தொலைக்காட்சித் தொடர் தொடங்கும் நேரம். நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கி நின்ற மருமகள், இன்று மாமியாரின் பாலில் எதையோ கலக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த பாட்டி கொதித்து எழுகிறார். "அவ அப்படிப்பட்டவ இல்ல! எழுதுறவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

பாட்டி மருமகளைத் திட்டவில்லை. அவளைப் படைத்தவரைத் திட்டுகிறார். கதைமாந்தருக்கு ஓர் இயல்பு உண்டு என்பதும், படைத்தவரே ஆயினும் அதனை முறித்தல் தகாது என்பதும் அந்தச் சொற்களில் அடங்கியுள்ளன. இது முறையான இலக்கியத் திறனாய்வே ஆகும்.

துன்பம் தருவது வேறு, இயல்பைக் கெடுப்பது வேறு. இளங்கோவடிகள் கண்ணகிக்குத் தந்த துன்பத்தைவிடப் பெருந்துன்பம் உண்டோ? எனினும் அவர் கண்ணகிக்குத் தீங்கு இழைத்தார் என்று எவரும் கூறுவதில்லை. தயங்காமல் சிலம்பை எடுத்துத் தந்த பெண்ணே, அதே உறுதியோடு பாண்டியன் அவையில் நின்று வழக்குரைக்கிறாள். முந்நூறு நாள் பொறுமையின் வடிவமாக வந்தவள் ஒரே மாலையில் வஞ்சகியாக மாறினால் அங்கே அத்தகைய தொடர்ச்சி இல்லை.

தொடர் எழுதுவோர் வேண்டுமென்றே இவ்வாறு செய்வதில்லை. நாள்தோறும் ஒரு பகுதி தர வேண்டும். வாரந்தோறும் வெளிவரும் டி.ஆர்.பி. அளவீடு குறைந்தால் அடுத்த வாரமே ஒரு திருப்பம் வேண்டும். நடிப்பவர் விலகினால் "இவருக்குப் பதில் இவர்" என்று ஓர் அறிவிப்பு வரும். சில வேளைகளில் எவர் மீதும் குற்றமில்லை. 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தார். அவ்வேடத்தை ஏற்ற வேல ராமமூர்த்தி எழுத்தாளரும் ஆவார்; ஆயினும் பழைய குரலைத் தேடியோர் பலர். குணசேகரனோ எல்லாரும் வெறுக்க வேண்டிய மனிதர்! வெறுப்பதற்கும் பழகிய முகம் வேண்டியிருக்கிறது.

காண்போரின் சினம் வீட்டுக்குள் அடங்காமல் தெருவுக்கு வந்த நிகழ்வும் உண்டு. இராமானந்த சாகரின் 'இராமாயணம்' 1987 சனவரி முதல் 1988 சூலை வரை ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. அந்நேரத்தில் கடைத்தெருக்கள் வெறிச்சோடின. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை சூட்டி வணங்கியோரும் இருந்தனர். இராமனின் முடிசூட்டு விழாவோடு தொடர் முடிகிறது என்று அறிந்தபோது, பஞ்சாப் மாநிலம் ஜலந்தரில் துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வட இந்திய நகரங்கள் பலவற்றுக்கும் அது பரவிற்று. குப்பை மலையெனக் குவிந்தது. நோய் பரவும் என்ற அச்சம் எழுந்தது. இறுதியில் எஞ்சிய கதையையும் எடுப்பதற்கு அரசு இசைந்தது. இலவ குசர் கதை தனித் தொடராகவே வெளிவந்தது.

அவர்களுடைய குறை யாது? அவர்களுள் பலர் வால்மீகி முனிவரைத் தம் முன்னோராகப் போற்றுபவர்கள். வால்மீகி இராமாயணத்தை இயற்றியவர் மட்டுமல்லர், அதன் உத்தர காண்டத்தில் ஒரு கதைமாந்தரும் ஆவார். காட்டில் விடப்பட்ட சீதைக்குப் புகலிடம் தந்து, அவள் மக்களை வளர்த்து, அவர்களுக்குத் தம் காவியத்தைக் கற்பித்தவர் அவரே. முடிசூட்டு விழாவோடு கதை நின்றால் அந்த வால்மீகி திரைக்கே வராமல் போவார். கதைமாந்தரைத் திரித்துக் காட்டுவது ஒரு தீங்கு என்றால், காட்டாமலே விட்டுவிடுவதும் தீங்குதான். நாள்தோறும் ஊரைத் தூய்மை செய்தும் ஊரார் கண்ணில் படாதிருந்த மக்களுக்கு இது நன்கு விளங்கியிருக்கும்.

ஆயினும் சாகரின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. கம்பரும் முடிசூட்டு விழாவோடு தம் காப்பியத்தை முடித்தார். தமிழில் வழங்கும் உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பாடியது என்பர். சீதை மீண்டும் காட்டுக்குப் போவதைக் கேட்கப் பொறாத நெஞ்சங்கள் அன்றும் இருந்தன, இன்றும் உள்ளன.

அந்தக் கம்பரின் பாடல்கள் இன்றும் இரவு முழுதும் ஒலிக்கும் இடம் பாலக்காட்டு மாவட்டத்தில் உள்ளது. பாரதப்புழையை ஒட்டிய ஊர்களின் பத்திரகாளி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடைபெறுகிறது. கூத்துமாடத்தின் வெண்திரைக்குப் பின்னே 21 விளக்குகள் எரிய, மான்தோலில் செதுக்கிய பாவைகளின் நிழல் திரையில் ஆடும். புலவர் எனப்படும் கலைஞர்கள் கம்பனைத் தமிழிலேயே பாடி, மலையாளம் கலந்து விரித்துரைப்பர். நள்ளிரவு கடந்தால் முற்றத்தில் ஒருவரும் இருக்கமாட்டார். அதனால் கூத்து நிற்பதில்லை; கேட்பவள் பத்திரகாளி. தாரிகனோடு தான் போரிட்டுக்கொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காணத் தவறிய தேவிக்காகவே இக்கூத்து நடைபெறுகிறது என்பது ஐதிகம்.

இக்கூத்தில் கம்பர் பாடாத ஒரு நிகழ்ச்சி வருகிறது. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் காட்டில் தவம் செய்துகொண்டிருக்கிறான். இலக்குவன் அறியாமல் அவனைக் கொன்றுவிடுகிறான். கம்பரின் சூர்ப்பணகை இராமனின் அழகில் மயங்கி வருபவள். கூத்தின் சூர்ப்பணகையோ மகனை இழந்த தாயும் ஆவாள். அவள் செய்தது சரி என்று கூத்து சொல்வதில்லை. ஆனால் அவளுக்கும் ஒரு வழக்கு உண்டு என்பதைப் பதிவு செய்துவிடுகிறது. மூலத்தை மாற்றினீர்கள் என்று புலவர்களோடு யாரும் சண்டைக்குப் போனதாகத் தெரியவில்லை.

இடுக்கி மாவட்டத்துக் குமுளியிலும் இது போன்ற ஒரு கதை உண்டு. கணவனை இழந்து மதுரையை எரித்த கண்ணகி மேற்கே நடந்து மலையேறி, பதினான்கு நாளுக்குப் பின் கோவலனோடு வானுலகம் சென்றதாகச் சிலப்பதிகாரம் கூறும். அதனைக் கண்டவர்கள் குன்றக்குறவர். அவளை முதலில் தெய்வமாகக் கொண்டாடியவர்களும் அவர்களே. அந்த மலை இதுவே என்று மக்கள் நம்பும் மங்கலதேவிக் கோட்டம், பெரியாறு புலிகள் காப்பகத்தினுள் இரு மாநில எல்லையில் இருக்கிறது. தென்கேரளத்துப் பத்திரகாளி கோயில்களின் தோற்றம் பாட்டோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அதில் கோவலனின் பெயர் பாலகன். கொலையுண்ட பாலகனைக் கண்ணகி உயிர்ப்பித்துவிடுகிறாள்.

இங்கிலாந்திலும் இவ்வாறு ஓர் உயிர்ப்பு நிகழ்ந்தது. ஆர்தர் கோனன் டாயில் 1893-இல் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்திக் கதையை முடித்தார். சினமுற்ற வாசகர்களில் 20,000 பேர் கதை வெளிவந்த இதழையே நிறுத்திவிட்டனர் என்பர். பத்தாண்டுகள் கழித்து, 1903-இல், ஹோம்ஸ் சாகவில்லை என்று டாயில் எழுத நேர்ந்தது. அங்கே வாசகர்கள் எழுத்தாளரைப் பணிய வைத்தனர். இங்கே பாட்டுக் கட்டியவர்கள் இளங்கோவடிகளிடம் எதையும் கேட்கவில்லை. தாங்களே வேறொரு முடிவைப் பாடிக்கொண்டனர்.

காண்போரும் தவறுவது உண்டு. கொடிய மாமியாராக நடித்தவரைக் கடைவீதியில் கண்டதும் வாய்க்கு வந்தபடி ஏசுவது அவற்றுள் ஒன்று. நாளெல்லாம் ஒப்பனையோடு உழைத்துவிட்டுக் காய்கறி வாங்க வந்தவர் அவர். பாலில் எதையும் கலந்தவர் அல்லர்.

மங்கலதேவிக் கோட்டம் ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று மட்டுமே மக்களுக்குத் திறக்கப்படுகிறது. அன்று குமுளியிலிருந்து ஜீப்பிலும் நடந்தும், தேனிப் பக்கத்திலிருந்து காட்டுப் பாதையிலும் மக்கள் மலையேறுகின்றனர். அவர்களுள் பலர் சிலப்பதிகாரத்தைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் கண்ணகி எப்படிப்பட்டவள் என்று கேட்டால், ஒவ்வொருவரிடமும் ஒரு விடை இருக்கும்.