கொள்ளைக்காரன் மகள்

கடற்கொள்ளைக்காரன் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவன் ஒற்றைக்காலன் ஒருவன். தோளிலே கிளி, இடையிலே வாள், வாயிலே வசை. றொபேட் லூயி ஸ்டீவன்சன் எழுதி, 1883ஆம் ஆண்டிற் புத்தகமாக வெளிவந்த ‘புதையல் தீவு’ அந்த உருவத்தை உலகெங்கும் நிலைநாட்டிவிட்டது. அந்நூலிலே பெண் என்று சொல்லத்தக்கவள் கதை சொல்லும் சிறுவனின் தாயார் ஒருத்திதான். கப்பல் பாய் விரித்ததும் அவளும் கரையோடு நின்றுவிடுகிறாள். சிறுவருக்கான கதையாதலின் பெண்களை விலக்கியே எழுதியதாக ஆசிரியரே பின்னர் கூறியிருக்கிறார்.

அவ்வாறு விலக்கப்பட்டவர்கள் வாளும் கையுமாகக் கப்பலேறி வரும் காலம் இது. அமெரிக்க எழுத்தாளர் திரிசியா லெவென்செல்லர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கடற்கொள்ளை மன்னனின் மகள்’ என்னும் ஆங்கில நவீனம் இவ்வகைக் கதைகளிற் பலராலும் விரும்பிப் படிக்கப்படுவது. கதை நிகழும் கடல் எந்தத் தேசப்படத்திலும் இல்லாத கற்பனைக் கடல். கதையைச் சொல்பவளோ பதினேழு வயது யுவதி, அலோசா.

அலோசாவின் தந்தை கலிகன் கொள்ளைக்காரருக்கெல்லாம் மன்னன். மறைந்த தீவு ஒன்றிலே சைரன்கள் எனப்படும் கடல் மோகினிகளின் செல்வம் குவிந்து கிடப்பதாகவும், அங்கு செல்லும் வழியைக் காட்டும் படம் மூன்று துண்டுகளாகப் பிரிந்து மூன்று கொள்ளைக் குலங்களிடம் இருப்பதாகவும் கதை. ஒரு துண்டு கலிகனிடம் இருக்கிறது. மற்றொன்று பகைவரது கப்பலில் எங்கோ மறைந்திருக்கிறது. அதனை எடுத்துவரும் பொறுப்பு மகளுடையது. அவள் செய்யும் உபாயமே இந்நூலின் உயிர். பகைவரைத் தன்மீது ஏவிவிட்டு, தானாகவே பிடிபட்டு, அவர்களது கப்பலிலே கைதியாக ஏறுகிறாள் அவள்!

பகலில் அவள் சிறைக்கூட்டிலே வாடுகின்ற கைதி. இரவிலோ பூட்டைத் திறந்து வெளியேறி அறை அறையாகத் துழாவுகிறாள். விடியுமுன் திரும்பி வந்து தன்னைத் தானே அடைத்துப் பூட்டிக்கொள்கிறாள். தப்பியோட வல்லவள் தப்பாமல் இருப்பதிலே உள்ள சுவையை ஆசிரியர் நன்கு அறிந்திருக்கிறார். காவலர் அவளைக் காவல் காப்பதாக எண்ணிக்கொண்டிருக்க, அவர்களது கப்பலை அவள் அளந்துகொண்டிருக்கிறாள். நாம் அவள் பக்கத்தில் நின்று அந்த இரகசியத்தைப் பகிர்ந்துகொள்வதனால் ஒவ்வொரு காலடி ஓசைக்கும் நமது நெஞ்சும் ஒரு கணம் நின்று துடிக்கிறது. அவளை விசாரிக்க வரும் துணைத்தலைவன் றைடன் ஒருவனுக்கே ஐயம் பிறக்கிறது. கப்பலின் தலைவன் ட்றக்சன் இவனது சகோதரன். சகோதர விசுவாசத்திற்கும் தன் மனத்திற்கும் நடுவே அகப்பட்ட இவன், அவளுக்கு ஈடான சொல்லாளி. இருவரது வாய்ச்சண்டையும் வாட்சண்டையிலும் கூர்மையானது.

இவ்வளவுடன் நின்றிருந்தால் ஓர் இரயிற் பிரயாணத்திற் படித்துவிட்டு மறந்துவிடத்தக்க நூலாகவே இது இருந்திருக்கும். நாம் இதனை இங்கு எடுத்துப் பேசுவதற்குக் காரணம் அந்தத் தந்தை.

கலிகன் தன் மகளை வலுவுள்ளவளாக வளர்த்தான் என்பதில் ஐயமில்லை. வாள் வீசக் கற்பித்தான், பூட்டுத் திறக்கக் கற்பித்தான், அஞ்சாமையைக் கற்பித்தான். ஆனால் வலியையே ஆசிரியனாக வைத்துக் கற்பித்தான். தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றி அலோசா சொல்லும்போது அதிலே குறை எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றுவதில்லை. ஏனைய பிள்ளைகளைவிடத் தான் மேலானவள் ஆனதற்கு அதுவே காரணமென்று பெருமையோடு சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் றைடன்தான் திடுக்கிடுகிறான். அவனும் ஒரு கொடிய கொள்ளைத் தலைவனின் மகனாகப் பிறந்தவனே. பகைவன் முகத்திலே தோன்றும் அந்த இரக்கத்தைக் கண்ட பின்னரே, தகப்பனிடம் தான் பெற்றது அன்பா, அன்றி ஓர் ஆயுதத்திற்குத் தீட்டப்படும் கூர்தானா என்னும் கேள்வி அவளுள் முளைவிடத் தொடங்குகிறது. அக்கேள்வி முதல் நூலில் முடிவதில்லை. 2018இல் வந்த இரண்டாம் பாகத்திலே அது பெருமரமாகிறது. தன்னைப் பெற்ற தாயைத் தந்தையே நெடுங்காலம் சிறையில் அடைத்து வைத்திருந்தான் என்பதனை அங்குதான் அவள் அறிகிறாள். பிள்ளையின் நன்மைக்காகவே கண்டிக்கிறோம் என்று சொல்லும் வீடுகள் எந்தத் தேசத்திலும் உண்டு. மகள்மாருக்கு வாங்கிக் கொடுக்கும் தகப்பன்மார் தாமும் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் நேரம் வீணாகாது.

தாயார் யார் என்பதிலேதான் மாயம் இருக்கிறது. அலோசா பாதி மானிடப் பெண், பாதி சைரன். சைரன்கள் கிரேக்கப் பழங்கதையிற் பிறந்தவர்கள். ஹோமரின் காவியத்திலே ஒடிசியஸ் தன் மாலுமிகளின் செவிகளை மெழுகினால் அடைத்து, தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் செய்து, அவர்களது பாட்டைக் கேட்டுத் தப்புகிறான். பண்டைக் கிரேக்கச் சித்திரங்களில் அவர்கள் பெண் தலையுடைய பறவைகள். மீனுடல் பிற்காலத்தார் கற்பனை. அந்தக் கதைகளிலெல்லாம் பாட்டைக் கேட்பவன் பக்கத்தில் நின்றே நாம் அஞ்சினோம். இங்கோ பாடுகின்றவள் தானே நம்மோடு பேசுகிறாள். தன் பாட்டுக்குத் தானே அஞ்சுகிறாள். பாடினால் ஆடவர் மதியிழந்து அவள் சொற்படி நடப்பர். ஆனால் அந்த ஆற்றல் செலவாகிவிடும். மீண்டும் பெற வேண்டுமானால் கடல்நீர் வேண்டும். கடல்நீர் உடலிற் பட்டாலோ மனிதத் தன்மை விலகிக் கொடிய கடற்பிறவி தலைதூக்கும். ஆகையால் தன்னைச் சிறைக்கூட்டில் அடைக்குமாறு தோழியரையே அவள் வேண்டிக்கொள்ள நேரிடுகிறது. பகைவரது கூட்டிலே விளையாட்டாக இருந்தவள் சொந்தக் கப்பலின் கூட்டிலே நடுங்குகின்ற இந்த முரண் நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறைகளும் உண்டு. கடலைப் பற்றிய நூலில் கடல் போதவில்லை. காற்றின் திசை, கயிற்றின் பாரம், உப்பிட்ட இறைச்சி, நோய் ஆகியவற்றையெல்லாம் ஆசிரியர் விரைந்து கடந்துவிடுகிறார். கப்பல் ஓடுகிறது என்று அறிகிறோம்; ஓடுவதை உணர்வதில்லை. முதலிலேயே அலோசா சிலரைக் கொன்றுவிட்டு நகையாடுகிறாள். அக்கொலைகள் கதையிலும் அவள் மனத்திலும் சுவடு பதிப்பதில்லை. நடுப்பகுதியிற் காதல் சற்று அதிகமாகவே இடம்பிடித்துக்கொள்கிறது.

மெய்யான சரித்திரத்தைப் பார்ப்போருக்கு இன்னொன்றும் தோன்றும். அலோசாவின் சொந்தக் கப்பலிலே பெரும்பாலோர் பெண்கள். அதற்கு எவரிடமும் அவள் உத்தரவு கேட்பதில்லை. மெய்யான கொள்ளைக் கப்பல்களின் வழக்கம் வேறு. பாத்தலமியு றொபேட்ஸ் என்னும் கொள்ளைத் தலைவனின் கப்பற் சட்டங்களுள் ஒன்று, பெண்ணொருத்தியை மாறுவேடமிட்டுக் கப்பலுக்குக் கொணர்பவனுக்கு மரண தண்டனை என்பது.

ஆயினும் பெண்கள் கப்பலேறினார்கள். ஆன் பொனி, மேரி றீட் என்னும் இருவர் ஜோன் றக்கம் என்பவனது கூட்டத்திலே சேர்ந்திருந்தனர். 1720ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜமேக்காத் தீவின் அருகே அவர்களது கப்பல் பிடிபட்டது. ஆடவருட் பெரும்பாலோர் கீழ்த்தளத்துக்கு ஓடி ஒளிக்க, மேற்தளத்தில் நின்று போராடியவர்களுள் இப்பெண்கள் இருவரும் இருந்தனர் என்று 1724இல் இலண்டனில் வெளிவந்த கொள்ளைக்காரர் சரித்திரம் சொல்கிறது. அந்நூல் அவர்களது இளமையைப் பற்றிக் கூறுவன பலவற்றை ஆராய்ச்சியாளர் நம்புவதில்லை. விசாரணையின் அச்சிட்ட அறிக்கையோ நம்பத்தக்கது. கொள்ளையிடப்பட்ட டொறதி தோமஸ் என்னும் பெண் அங்கு சாட்சி சொன்னாள். அவ்விருவரும் ஆடவரின் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்து, தலையிலே கைக்குட்டை கட்டி, கத்தியும் கைத்துப்பாக்கியும் ஏந்தியிருந்தனர் என்றும், தன்னைக் கொன்றுவிடும்படி கூச்சலிட்டனர் என்றும் அவள் கூறினாள். நவம்பர் 28இல் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தாம் கருவுற்றிருப்பதாக இருவரும் முறையிட்டதனால் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. மேரி றீட் 1721இல் சிறையிலேயே இறந்தாள். ஆன் பொனி தூக்கிலிடப்பட்டதற்கு எந்தப் பதிவும் இல்லை.

சீனத்துக் கடலிலே இவர்களினும் பெரியவள் ஒருத்தி இருந்தாள். ஜெங் யீ என்னும் கொள்ளைத் தலைவன் 1807இல் இறந்தபின், அவனுடைய மனைவி அவனது பெருங் கப்பற்படையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ‘ஜெங் யீயின் மனைவி’ என்ற பொருளுடைய பெயராலேயே சரித்திரம் அவளை அறியும். 1810இல் அரசாங்கத்தோடு சமாதானம் பேசுவதற்கு ஆயுதமின்றிக் கந்தோன் நகருக்குத் தானே சென்றாள். தன் புதிய கணவனுக்கு அரசாங்கப் படையிலே உத்தியோகமும் பெற்றுக்கொண்டு மீண்டாள். அவள் இறந்தது 1844இல், கரையிலே.

அலோசாவின் கதை இரண்டு பாகங்களில் நிறைவடைகிறது. அவளது கூட்டத்திலே நிழல்போல் நடமாடும் சொறிண்டா என்னும் பெண்ணைத் தலைவியாக்கி, 2023இல் மற்றொரு நூலும் வெளிவந்திருக்கிறது. ஆங்கிலம் எளிமையானது, மேல்வகுப்பு மாணவர் அகராதியின் துணை அதிகமின்றியே படித்துச் செல்லலாம். கொலையும் முத்தமும் இருப்பதனாற் சிறு பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும். அதுவரை அவர்களுக்கு ஒற்றைக்காலனும் அவனது கிளியும் இருக்கவே இருக்கிறார்கள்.