பின்னின்று தள்ளும் எஞ்சின்

பக்கவாதத்திற்குப் பின் தந்தையின் வலக்கை நடுங்கிற்று. இயன்முறை மருத்துவரின் ஒப்புதலுடன், குன்னூரில் எம் வீட்டு மேசைமீது, நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சினை 87இல் ஒரு பங்கு அளவில் உருவாக்கத் தொடங்கினோம். ஒரு மீட்டர் அகல இருப்புப்பாதை இங்கே 11.5 மில்லிமீட்டர்தான்!

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் வடிவமைக்கப்பெற்ற அவ்வகை எஞ்சினுக்கு 4 சிலிண்டர்கள். கீழுள்ள இணை ஓடுசக்கரங்களையும், மேலுள்ள இணை பற்சக்கரங்களையும் இயக்கும். கல்லாறு முதல் குன்னூர் வரை, சில இடங்களில் 12 அடிக்கு ஏறக்குறைய ஓரடி உயரும் ஏற்றத்தில், தண்டவாளங்களின் நடுவேயுள்ள பல்வரிசையை அப்பற்சக்கரங்களே பற்றி ஏறும். அவற்றைப் பொருத்தவே 9 நாள்கள் ஆயின. சாமணம் நழுவியபோதெல்லாம் நான் கை நீட்டவில்லை, அதுதான் கடினம்.

முடிந்ததும் எஞ்சினை மாதிரிப் பெட்டிகளுக்கு முன்னே நிறுத்தினேன். தந்தை சிரித்தார். வலக்கையால் மெல்ல எடுத்துப் பின்னே வைத்தார். மலையேறும்போது அது பின்னின்றுதான் தள்ளும்.