நீலம் எங்கே போயிற்று?

நாம் அறிந்த பிளாஸ்டிக் மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் பாலிமர்ச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருமாயின், அதன் போக்கே வேறு. அத்தகைய பாலிமரின் மென்படலத்தில் மின்சாரம் செலுத்தி மஞ்சட்பச்சை ஒளி பெறலாமென்று 1990-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் காட்டினர்.

நான் விரும்பியதோ வெள்ளொளி. தாராவியில் தோல் பதனிட்ட என் தாத்தா சாயம் கலப்பதில் வல்லவர். அவர் கணக்கையே நானும் போட்டேன். நீலம் உமிழும் பாலிஃபுளோரீனுடன், செம்மஞ்சள் உமிழும் எம்.ஈ.எச்.-பி.பி.வி.யை நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்து டொலுவீனில் கரைத்தேன். ஒரு சொட்டை நன்றாக நீர்க்கச் செய்து புற ஊதா விளக்கின்கீழ்ப் பிடித்தால் நீலமாகச் சுடர்ந்தது. மனம் குளிர்ந்தது. எஞ்சிய கரைசலைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிச் சுழற்றிப் படலமாக்கினேன். மீண்டும் விளக்கு. நீலத்தைக் காணோம்! எங்கும் செம்மஞ்சள். தகட்டைக் கழுவிக் கழுவி மூன்று முறை செய்தேன். பிழை தகட்டில் இல்லை நண்பர்களே, என் கணக்கில்.

நம் அணுசக்தி நகருக்கு அருகே திராம்பே மலைமேல் பெய்யும் மழையைப் பாருங்கள். மலை முழுதும் பெய்கிறது. தேங்குவதோ தாழ்ந்த சில குழிகளில். கலவையிலும் அஃதே. விளக்கின் ஆற்றலை நீலச் சங்கிலிகளே பெரும்பாலும் ஏற்கின்றன. ஆனால் அவை ஒளிவிடுமுன் அருகிலுள்ள செம்மஞ்சளுக்கு, ஆற்றல் தாழ்ந்த அப்பள்ளத்துக்கு, அதைக் கைமாற்றிவிடுகின்றன. இக்கைமாற்றத்தின் விதியை 1948-இல் ஃபோர்ஸ்டர் வகுத்தார். சில நானோமீட்டருக்குள்தான் இது நடக்கும். இடைவெளி இரு மடங்கானால் வேகம் 64-இல் ஒரு பங்காகும். நீர்த்த கரைசலில் சங்கிலிகள் தொலைவில் இருந்தன. ஆதலால் நீலம் பிழைத்தது.

இரு பாலிமர்கள் வேண்டுமென்பதுகூட இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. பத்மநாபனும் எஸ். இராமகிருஷ்ணனும் எம்.ஈ.எச்.-பி.பி.வி. சங்கிலியின் இரட்டைப் பிணைப்புத் தொடரை இடையிடையே அறுத்து, துண்டின் நீளத்தால் நிறத்தை ஆண்டனர். 2000-இல் வெளியான அவ்வாய்வில், குறுந்துண்டின் ஆற்றல் நெடுந்துண்டுக்குச் செல்வதையும் காட்டினர்.

ஆகவே நிறத்தை ஆள்வதென்பது இடைவெளியை ஆள்வதே. செம்மஞ்சளை மிகமிகக் குறைக்கலாம். ஒளி உமிழாத பாலிஸ்டைரீனை இடையே நுழைக்கலாம். பாலிமர்கள் எண்ணெயும் நீரும்போல் தாமே பிரிந்து நிற்பதும் உண்டு. படலம் கெட்டதென்று நான் வைத அக்குணம், எல்லையில் மட்டும் கைமாற்றம் நிகழச் செய்து நீலத்தைக் காப்பதும் உண்டு!

இன்றைய ஓலெட் கைப்பேசித் திரைகளில் பாலிமர் அன்று, ஆவியாக்கிப் படியவைத்த சிறு மூலக்கூறுகளே பெரும்பாலும் உள்ளன. எனினும் பெரும்பகுதி ஒன்றில் சிறு பங்கு வேறொன்றைக் கலக்கும் உத்தி அங்கும் உண்டு.

இப்போது செம்மஞ்சளை நூற்றுக்கு அரைப் பங்காக்கியுள்ளேன். விளக்கின்கீழ் நீலம் சற்றே எட்டிப்பார்க்கிறது. மின்சாரம் செலுத்தினால் மறுபடி ஒளிந்துகொள்கிறது. மின்னேற்றங்களும் அப்பள்ளத்திலேயே சிக்குகின்றன போலும். அடுத்த படலத்துக்குக் கால் பங்கு நிறுத்து வைத்திருக்கிறேன்.