கடலோரத்தில் பூகம்பம், தலைநகரில் நாசம்!

1985-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி, மெக்சிகோ நாட்டின் பசிபிக் கடலோரத்தில் பூகம்பம் ஏற்பட்டது. ஆனால் சுமார் 350 கிலோ மீட்டருக்கு அப்பால், தலைநகர் மெக்சிகோ சிட்டியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்!

காரணம் என்ன?

நகரின் நடுப்பகுதி, தூர்ந்துபோன ஏரியின் மேல் இருக்கிறது. அடியில் ஈரக் களிமண். பாறை வழியாக வந்த அதிர்ச்சி, களிமண்ணில் புகுந்ததும் வேகம் குறைந்தது, ஆட்டமோ பெரிதாயிற்று. சுமார் 2 விநாடிக்கு ஒரு முறை மண் ஆடியது.

ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் உயரே போகும் அல்லவா? அதுபோல, ஏறக்குறைய அதே கதியில் ஆடக்கூடிய 6 முதல் 15 மாடிக் கட்டிடங்கள் மேலும் மேலும் ஆடின. பல இடிந்து விழுந்தன. சிறிய வீடுகள் பல தப்பின. பாறை நிலத்தில் சேதம் குறைவு.

சுவர் மட்டும் உறுதியாக இருந்தால் போதாது. அடிமண்ணையும் பார்த்தே வீடு கட்ட வேண்டும்.