டி.என்.ஏ. பொருந்திவிட்டது என்றால் போதுமா?

தேனி மாவட்டம் சுருளி அருவிக்கு 2011 மே மாதம் போன ஓர் இளம் ஜோடி உயிரோடு வீடு திரும்பவில்லை. விசாரணையில் ஒருவர் கைதானார். கொல்லப்பட்ட பெண்ணின் உடலிலிருந்து எடுத்த மாதிரி அவருடைய டி.என்.ஏ.வோடு பொருந்துவதாக அரசுத் தரப்பு சொன்னது. தேனி அமர்வு நீதிமன்றம் 2018-இல் தூக்குத் தண்டனை விதித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

டி.என்.ஏ.வே பொருந்திய பிறகு எப்படி விடுவிக்கலாம் என்று பலர் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு புரிகிறது. ஆனால் தீர்ப்பைப் படித்தால், நீதிபதிகள் டி.என்.ஏ. அறிவியலைச் சந்தேகிக்கவில்லை என்பது தெரியும். அந்த மாதிரி சவக்கிடங்கிலிருந்து ஆய்வகம் வரை எப்படிப் போனது, யார் யார் கையில் இருந்தது, எத்தனை நாள் எங்கே கிடந்தது என்ற கேள்விகளுக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. தாமதத்துக்கு விளக்கம் இல்லை. இடையில் மாசு கலக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லும் பதிவும் இல்லை. அப்படிப்பட்ட மாதிரியை வைத்து ஒருவரைத் தூக்கில் போட முடியாது என்றது நீதிமன்றம்.

கொலை வழக்கைச் செய்தியில் பின்தொடரும் நாம் எல்லோரும் முதலில் கேட்பது "ரிப்போர்ட்டில் என்ன வந்தது?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்தப் பொருள் ஆய்வகத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை. பறிகொடுத்த குடும்பமானாலும் குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பமானாலும் அவர்களுடைய நீதி பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

அந்தப் பாதை இப்படிப் போகிறது. கொலை நடந்த இடத்தில் ரத்தக் கறை படிந்த துணி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசாரணை அதிகாரி அதைக் கையுறை போட்டு எடுக்க வேண்டும். நிழலில் உலர்த்த வேண்டும். காகித உறையில் இட வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும், பாக்டீரியா பெருகும், டி.என்.ஏ. சிதையும். நம் ஊர் வெயிலில் இது வேகமாகவே நடக்கும். பிறகு மகஜர் எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, உறைக்கு அரக்கு முத்திரை வைத்து, குற்ற எண்ணும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். தமிழ்நாட்டில் வழக்கமாக அந்தப் பொருள் முதலில் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கிருந்து நீதிமன்றக் கடிதத்தோடு ஒரு காவலர் அதைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்வார். ஆய்வகத்தில் பெற்றுக்கொள்பவர் முத்திரை உடையாமல் இருக்கிறதா, மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். இதில் ஒரு படியில் கையெழுத்து இல்லாமல் போனாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அங்கேதான் கை வைப்பார். வைக்கவும் வேண்டும், அது அவர் கடமை.

சுருளி வழக்குத் தீர்ப்பின் பெரிய பயன், இந்தப் பாதைக்கு நாடு முழுவதற்கும் விதி போட்டதுதான். டி.என்.ஏ. மாதிரி எடுக்கும்போது வழக்கு எண், சட்டப்பிரிவு, காவல் நிலையம், விசாரணை அதிகாரி விவரம் எல்லாம் பதிவாக வேண்டும். மருத்துவர், அதிகாரி, சுயேச்சையான சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். சேமிப்பில் இருக்கும் பொட்டலத்தை விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் யாரும் பிரிக்கவோ மறுபடி முத்திரையிடவோ கூடாது. மாதிரி எடுத்த நொடியிலிருந்து வழக்கு தண்டனையிலோ விடுதலையிலோ முடியும் வரை யார் கையில் இருந்தது என்பதற்கு ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அது வழக்குக் கட்டோடு சேர வேண்டும். பதிவேடு இல்லையென்றால் விசாரணை அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும்.

1849-இலேயே இரசாயனப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்த ஊர் சென்னை. 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்கில், ரயில் பெட்டியில் மானாமதுரை வரை போன தலையில்லாத உடலும், ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கிய தலையும் ஒருவருடையவையே என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் நிறுவினார்கள். அப்படிப்பட்ட மரபுள்ள மாநிலத்திலிருந்து போன வழக்கில் 48 மணி நேரம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லித்தர வேண்டி வந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மாதிரி ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது என்றே கொள்வோம். அப்போதும் "பொருந்தியது" என்ற முடிவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்க்க வேண்டும். இந்த உயிரணு இன்னாருடையது என்று டி.என்.ஏ. சொல்லும். அது அங்கே எப்போது வந்தது, எப்படி வந்தது என்று சொல்லாது. ஒரே வீட்டில் புழங்குபவர்களின் டி.என்.ஏ. அந்த வீட்டுக் கதவிலும் தலையணையிலும் இருப்பது இயல்பு. முன்பின் தெரியாத ஒருவருடையது இறந்தவரின் நகத்தடியில் இருந்தால் அதற்கு வேறு எடை.

மாசு கலப்பது எவ்வளவு எளிது என்பதற்கு ஜெர்மனியில் நடந்ததைவிடப் பெரிய பாடம் இல்லை. 2007-இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய காரில் கிடைத்த பெண் ஒருவரின் டி.என்.ஏ., ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் பல ஆண்டுகளாகப் பல குற்ற இடங்களில் கிடைத்ததோடு பொருந்தியது. ஒரு பயங்கரக் கொலைகாரியைத் தேடி மூன்று நாட்டுக் காவல் துறைகளும் அலைந்தன. 2009-இல் உண்மை வெளியானது. மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைப் பொட்டலம் கட்டிய தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. அது. அந்தக் குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான். ஆனால் கிருமியை அழிப்பது வேறு, டி.என்.ஏ.வை அழிப்பது வேறு. ஆய்வக இயந்திரம் ஒரு தடவைகூடத் தவறான விடை சொல்லவில்லை. கொடுத்த பொருளில் இருந்ததைத்தான் அது சொன்னது.

மற்ற தடயங்களிலும் இதே நிதானம் தேவை. அரிவாளில் மனித ரத்தம் இருந்தது, 'ஓ' வகை என்று அறிக்கை வரும். இந்தியாவில் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த வகைதான். இறந்த நேரத்தைப் பிரேதப் பரிசோதனை மருத்துவர் ஒரு கால இடைவெளியாகத்தான் சொல்ல முடியும். வெப்பமான இடத்தில் உடல் விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். காவலில் இருந்தவர் கொடுத்த வாக்குமூலத்தின்படி கத்தி எடுத்ததாகச் சொன்னால், அந்த வாக்குமூலத்தில் பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டுமே சாட்சியமாகும். போலீசிடம் "நான்தான் கொன்றேன்" என்றது செல்லாது. மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருவதோ பெரும்பாலும் இந்தச் செல்லாத பகுதிதான்.

கண்ணால் பார்த்தவர் இல்லாத வழக்கில் சந்தர்ப்ப சாட்சியங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதை 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துவைத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியே முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும்; எல்லாம் சேர்ந்து அறுபடாத சங்கிலியாக அவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும். "அவராக இருக்கலாம்" என்பதற்கும் "அவர்தான்" என்பதற்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கடப்பது அரசுத் தரப்பின் வேலை.

சென்னை போரூர் அருகே 2017-இல் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கு நம் எல்லோர் நெஞ்சையும் உலுக்கியது. அதிலும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் உறுதி செய்து, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. முக்கியமாகச் சொல்லப்பட்ட சிசிடிவி பதிவு முறையாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரும் ஆவணங்களும் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. ஊரே தீர்ப்பு எழுதிவிட்ட வழக்குகளில் இந்த அவசரம் வந்துவிடுகிறது. 'சீக்கிரம் தூக்கில் போடு' என்ற கூச்சல் விசாரணையை வேகப்படுத்துவதாக நினைக்கிறோம். அது பதிவேட்டில் ஓட்டை விழவைக்கிறது. அந்த ஓட்டையின் விலையைக் கடைசியில் கொடுப்பது பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்தான். இன்னொரு பக்கம், தூக்குத் தண்டனைக் கைதியாக ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்து விடுதலையாகும் ஒருவருக்கு நஷ்ட ஈடு தரத் தனிச் சட்டம் இங்கே இல்லை. சட்ட ஆணையம் 2018-இல் 277-ஆவது அறிக்கையில் கேட்டது. சுருளித் தீர்ப்பிலும் நீதிபதிகள் இதைச் சுட்டிக்காட்டி, நாடாளுமன்றம் முடிவெடுக்கட்டும் என்று விட்டார்கள்.

இனி, இப்படி ஒரு வழக்கில் சிக்கிய குடும்பம் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

முதல் சில நாட்கள்தான் முக்கியம். கடைகளிலும் வீடுகளிலும் உள்ள கேமராக்கள் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும். எந்தத் தெருவில் எந்தக் கேமரா என்று குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுங்கள். நகலில் ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ ஆணையருக்கோ அனுப்புங்கள். நீங்களாக மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் அது சாட்சியமாகாது. மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழ் வேண்டும். புதிய சாட்சியச் சட்டத்தில் அது பிரிவு 63.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சில உரிமைகளைத் தருகிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிப்பதையும் அதை வீடியோ எடுப்பதையும் பிரிவு 176 கட்டாயமாக்குகிறது. ஆனால் மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுக்குள் நடைமுறைப்படுத்த அவகாசம் உண்டு. எனவே உங்கள் வழக்கில் நிபுணர் வந்தாரா என்று கேளுங்கள். கொல்லப்பட்டவரின் குடும்பம் வழக்கறிஞர் வைத்துக்கொண்டால் குற்றப்பத்திரிகை, ஆவணங்களின் நகல்களும் கிடைக்கும். நீதிமன்ற அனுமதியோடு அந்த வழக்கறிஞர் அரசு வழக்கறிஞருக்கு உதவலாம். டி.என்.ஏ. பதிவேடு கட்டில் இருக்கிறதா, 48 மணி நேரம் கடந்ததா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டை இருப்பது தீர்ப்பு நாளில் தெரிந்து பயனில்லை.

மிரட்டலுக்குப் பயந்து சாட்சிகள் பிறழ்வதும் கொலை வழக்குகளைச் சாய்க்கிறது. 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்குச் சாட்சியோ அவர் குடும்பத்தாரோ விண்ணப்பிக்கலாம்.

குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்திலும் உரிமைகள் உண்டு. அரசு நிபுணரின் அறிக்கை, அவர் நீதிமன்றம் வராமலேயே சாட்சியமாகலாம். ஆனால் அவரை வரவழைத்து விசாரிக்கும்படி கேட்கலாம். தயங்காமல் கேட்க வேண்டும். எந்த முறையில் சோதித்தார், உறையின் முத்திரை எப்படி இருந்தது, மாதிரி எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் கூண்டில் நின்றால்தான் வெளிவரும்.

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்ட குடும்பம் தானே மேல்முறையீடு செய்யலாம். அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இழப்பீட்டுக்கு, வழக்கு முடியும் முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அலுவலகம் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100.