உங்கள் திருமணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?



பாபிலோனியரின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நாட்களில், காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா தீர்க்கதரிசி ஒரு நிலத்தை வாங்கினார். ஆனதோத்திலிருந்த அந்த நிலத்துக்காகப் பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளையும் வைத்தார். பின்பு அது நெடுநாள் கெடாமல் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார் (எரேமியா 32). தேவனுடைய வாக்குத்தத்தத்தை முழு இருதயத்தோடு விசுவாசித்த அந்த மனிதர், பத்திரம் எதற்கு என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம்மில் அநேகர் அப்படிச் சொல்லுகிறோம். "தேவ சமுகத்தில் நடந்த திருமணத்துக்கு அரசாங்கத்தின் காகிதம் எதற்கு?" என்கிறோம். அந்தக் காகிதம் எப்போது தேவைப்படும் என்பதைச் சிஞ்ச்வட்டில் வாழும் ஒரு சகோதரியின் அனுபவத்திலிருந்து அறிந்துகொள்ளலாம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலை தேடி வந்த ஒரு வாலிபனுக்கு அவர் வாழ்க்கைப்பட்டார். ஊரிலிருந்து வந்த போதகர் ஒருவர், வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் ஜெபித்துத் திருமணத்தை நடத்தி வைத்தார். சபையின் முத்திரையோடு ஒரு சான்றிதழும் கொடுத்தார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கணவர் திடீரென மரித்தபோது, அவருடைய வைப்பு நிதிக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் இந்தச் சகோதரி விண்ணப்பித்தார். தொழிற்சாலைக் கோப்பில் இருந்ததோ, கணவர் திருமணத்துக்கு முன் எழுதிக் கொடுத்த அவருடைய தாயாரின் பெயர். "நீங்கள்தான் மனைவி என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டார்கள். சபைச் சான்றிதழைக் காட்டினார். "கையெழுத்திட்டவருக்கு உரிமம் உண்டா?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு அவரிடம் பதில் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு பல மாதங்கள் நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்குமாக அலைந்தார். இறுதியில், பெற்றோர் இருவரின் பெயரும் எழுதப்பட்டிருந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களே அவருக்குக் கைகொடுத்தன.

இத்தனைக்கும் சட்டம் அவருக்குச் சாதகமாகவே இருந்தது. வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின்படி, திருமணத்துக்கு முன் கொடுத்த நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். தொழிலாளி புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். திருமணம் நடந்ததை நிரூபிக்கத்தான் அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. பிரியமானவர்களே, இந்த நிலை உங்கள் வீட்டுக்கு வரவேண்டாம்.

யார் திருமணத்தை நடத்தி வைக்கலாம்?

நமது திருமணங்களுக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். மணமக்களில் ஒருவராவது கிறிஸ்தவராயிருந்து, கிறிஸ்தவ முறையில் திருமணம் நடந்தால், அதை நடத்தி வைக்கிறவர் இச்சட்டத்தின் 5-ஆம் பிரிவில் சொல்லப்பட்டவராயிருக்க வேண்டும். பேராயரின் கையால் குருப்பட்டம் பெற்றவர்கள் அதில் அடங்குவர். ஆனால், பெந்தெகொஸ்தே சபைகளின் ஊழியர்களில் பெரும்பாலோர் அந்த வகையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் மாநில அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அபிஷேகம் பெற்ற ஊழியராயிருப்பது வேறு, திருமணம் நடத்தி வைக்க உரிமம் பெற்றிருப்பது வேறு.

இதிலே ஊர் விட்டு வந்த நமக்கு விசேஷமாக ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு மாநில அரசு போதகருக்குக் கொடுக்கும் உரிமம் அந்த மாநிலத்தின் எல்லைக்குள்ளேதான் செல்லும். தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற போதகர் ரயிலேறி வந்து சிஞ்ச்வட்டில் திருமணத்தை நடத்தினால், அந்த உரிமம் இங்கே உதவாது. அவர் தேவசெய்தி கொடுக்கட்டும், ஆசீர்வதித்து ஜெபிக்கட்டும். உடன்படிக்கையை ஏற்று, பதிவேட்டில் கையொப்பமிடுகிறவர் மகாராஷ்டிர அரசின் உரிமம் பெற்றவராயிருக்கட்டும்.

அதிகாரமின்றித் திருமணத்தை நடத்தி வைக்கிறவருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கவும் இச்சட்டத்தில் இடமுண்டு. ஆகையால் திருமணத் தேதியைக் குறிக்குமுன், "பாஸ்டர், உங்களுக்கு உரிமம் இருக்கிறதா?" என்று தாழ்மையோடு கேளுங்கள். அது அவமரியாதை அல்ல. உரிமம் உள்ள ஊழியர் அதைச் சந்தோஷமாய்க் காட்டுவார்.

எங்கே பதிவு செய்வது?

2006-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம், எந்த மதத்தினராயிருந்தாலும் இந்தியக் குடிமக்கள் அனைவரின் திருமணமும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பதிவு செய்யாததினால் மட்டும் திருமணம் இல்லாமற்போவதில்லை. ஆனால், அதை நிரூபிக்கும் பாரம் உங்கள்மேல் விழும்.

ஊரில் திருமணம் நடந்திருந்தால்: தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ளது. கிறிஸ்தவத் திருமணங்களுக்கும் அது பொருந்தும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் மேலும் 60 நாட்களுக்குள் கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம். நம்மவர்கள் பத்து நாள் விடுப்பில் போய், மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு பூனாவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். அந்தப் பத்து நாளில் ஒரு நாளைப் பதிவுக்கென்று ஒதுக்குங்கள்.

இங்கே திருமணம் நடந்திருந்தால்: மகாராஷ்டிரத்தின் 1998-ஆம் ஆண்டுச் சட்டமும் 90 நாள் கெடுவையே வைத்திருக்கிறது. பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு எட்டு மண்டல அலுவலகங்கள் உண்டு. உங்கள் வீடு எந்த மண்டலத்தைச் சேர்ந்தது என்று அறிந்து, அங்கே "விவாஹ் நோந்தணி" எங்கே என்று கேளுங்கள். மராத்தியில் திருமணப் பதிவுக்கு அதுதான் பெயர். இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, திருமண அழைப்பிதழ், புகைப்படங்கள், போதகர் கொடுத்த சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அடையாளச் சான்றோடு மூன்று சாட்சிகளும் வேண்டும். சபைச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒருவர் போய்ப் பட்டியலைக் கேட்டு வந்தால், எல்லாரும் வேலையை விட்டு இரண்டாம் முறை அலைய வேண்டியதில்லை.

உரிமம் இல்லாதவர் நடத்திய திருமணமா?

கலங்காதிருங்கள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில், ஏற்கெனவே வேறு முறையில் திருமணம் செய்து தம்பதிகளாய் வாழ்கிறவர்கள் அதைப் பதிவு செய்துகொள்ள 15-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. விண்ணப்பிக்குமுன் இருவரும் அந்த மாவட்டத்தில் 30 நாட்களாவது வசித்திருக்க வேண்டும். பதிவின்போது இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அறிவிப்பு வெளியாகி, ஆட்சேபணைக்காக 30 நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். மூன்று சாட்சிகளும் தேவை.

ஒன்றை மட்டும் முன்னதாகவே அறிந்துகொள்ளுங்கள். நம் வழக்கத்தில் அத்தை மகனையும் மாமன் மகளையும் மணப்பது சாதாரணம். இச்சட்டமோ அந்த உறவுகளைத் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. உங்களுடையது சொந்தத்தில் நடந்த திருமணமானால், விண்ணப்பிக்குமுன் நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். பிறப்போ, பிள்ளை பிறந்த இடத்தில்தான் பதிவாகும். 21 நாட்களுக்குள் கட்டணமில்லை. அதன்பின் தாமதக் கட்டணம் உண்டு. ஓர் ஆண்டு கடந்துவிட்டால் நடுவரின் உத்தரவு வேண்டும். பெரும்பாலும் மருத்துவமனையே பதிவு செய்துவிடுகிறது, ஆனால் பெயர் இல்லாமல்! சபையில் பிரதிஷ்டை ஜெபம் செய்து பெயரிட்டபின், அந்தப் பெயரைப் பதிவேட்டில் சேர்க்க மறந்துவிடுகிறோம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு போன்றவற்றில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், இதில் அசதியாயிராதேயுங்கள்.

பெயர் ஒன்றாயிருக்கட்டும்

நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொள்ளுகிறோம். மகாராஷ்டிரத்தின் படிவங்களோ தன் பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், "ஆட்நாவ்" என்னும் குடும்பப் பெயர் என மூன்று கட்டங்களைக் காட்டுகின்றன. இதனால் ஆதாரில் ஒரு விதமும், பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமும், வங்கியில் வேறு விதமுமாக எழுதப்படுகிறது. ஞானஸ்நானத்தின்போது புதுப்பெயர் பெற்றவர்களுக்கு இன்னும் ஒன்று கூடிவிடுகிறது. முதலெழுத்தின் விரிவை எங்கும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். புதுப்பெயரையே வழங்க விரும்பினால் அரசிதழில் வெளியிட்டு, அந்தப் பிரதியைப் பாதுகாத்து வையுங்கள்.

அலுவலகங்களில் குறுக்கு வழி காட்டுகிறவர்கள் உண்டு. பணம் கொடுத்துப் பொய்த் தேதியும் பொய் முகவரியும் எழுதுவது தேவனுடைய பிள்ளைகளுக்குத் தகாது. அது பின்னாளில் கண்ணியாகவும் மாறும். மகாராஷ்டிரத்தின் 2015-ஆம் ஆண்டுச் சேவை உரிமைச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட சேவையைக் குறித்த காலத்துக்குள் பெற உங்களுக்கு உரிமை உண்டு. விண்ணப்பத்துக்கு ரசீது வாங்குங்கள். காலம் கடந்தால் மேல்முறையீடு செய்யுங்கள்.

சபைகளுக்கு ஒரு வார்த்தை

ஊழியர்களே, திருமண ஆலோசனை கொடுக்கும் நாளிலேயே பதிவைக் குறித்தும் பேசுங்கள். திருமணப் பதிவேட்டை ஒழுங்காய் வைத்து, அனுப்ப வேண்டிய பிரதிகளைப் பதிவுத்துறைக்கு அனுப்புங்கள். மராத்தி அறிந்த சகோதரர் ஒருவர் மாதத்தில் ஒரு நாள் புதிய தம்பதிகளோடு அலுவலகத்துக்குப் போய்வந்தால், அதுவும் ஓர் ஊழியமே.

வாசிக்கிற அன்பு சகோதரனே, இன்று இரவு குடும்ப ஜெபம் முடிந்தபின் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். திருமணச் சான்றிதழ் இருக்கிறதா? அதில் கையெழுத்திட்டவருக்கு உரிமம் இருந்ததா? வைப்பு நிதியில் உங்கள் மனைவியின் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால், நீங்கள் சுகமாயிருக்கும்போதே அதைச் சரி செய்யுங்கள். பின்பு அசலையும் நகலையும் வெவ்வேறு இடத்தில் வைத்து, இருக்கும் இடத்தை உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள்.

விதவைகளின் நியாயத்தை விசாரிக்கிற தேவன், உங்கள் இல்லத்தைச் சமாதானத்தோடு காப்பாராக. ஆமென்.