வேரிலிருந்து வந்த சிவப்பு

உம்மம்மாவின் மரப்பெட்டியை என்றாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? கற்பூர வாசனையோடு மடித்து வைத்த ஒரு துணி, ஓரம் நைந்துபோன ஒரு பன்பாய், கையால் பின்னிய ஒரு தொப்பி என்று ஏதாவது ஒன்று அதற்குள் இருக்கும். "இந்தச் சிவப்பை எதில் காய்ச்சி எடுத்தீர்கள்?" என்று கேட்க நமக்குத் தோன்றும்போது, பதில் சொல்ல அவர் பெரும்பாலும் இருப்பதில்லை. உம்மாவிடம் கேட்டால் அவருக்கும் தெரிவதில்லை. ஒரு கைவேலை அழிந்துபோகப் பெரிய அனர்த்தம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு தலைமுறை கேட்காமல் விட்டால் போதும்.

அப்படிக் கேட்காமல் விட்டதால், தமக்கே உரிய வர்ணங்களை மறந்துபோன கிராமங்கள் துருக்கியில் இருந்தன. மறந்ததை அக்கிராமத்துப் பெண்கள் மீண்டும் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் கற்ற விதத்தில் நமக்கும் ஒரு பாடம் இருக்கின்றது.

தறி இருந்தது, சாயம் இல்லை

துருக்கியின் மேற்குப் புறத்தில், சனக்கலே மாகாணத்திலே அய்வாஜிக் என்றொரு பிரதேசம் உண்டு. அதற்குத் தெற்கே மனிசா மாகாணத்தில் யுன்ட்டா என்னும் மலைப்பகுதி. இரண்டும் முஸ்லிம் கிராமங்கள் நிறைந்த இடங்கள். ஆடு வளர்ப்பதும், அதன் ரோமத்தை நூலாகத் திரிப்பதும், அந்தக் கம்பளி நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டு விரிப்பு நெய்வதும் அங்குள்ள பெண்களுக்குப் பரம்பரைத் தொழில். மகள் உம்மாவின் பக்கத்தில் அமர்ந்து பார்த்தே பழகுவாள். எழுத்தில் எதுவும் இல்லை. எல்லாம் கையிலும் கண்ணிலும்தான்.

நூலுக்கு வர்ணம் கொடுத்தவை பெரும்பாலும் அவர்களது வயல் ஓரங்களில் முளைத்த செடிகளே. சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் வேர். துருக்கியர் அதனைக் கொக்போயா, அதாவது "வேர்ச்சாயம்" என்பர். மஞ்சளுக்குக் காட்டுப் பூச்செடிகள், கபிலத்துக்கு வால்நட் காயின் பச்சைத் தோல், நீலத்துக்கு அவுரி. பச்சை வேண்டுமென்றால் மஞ்சள் ஏற்றிய நூலை நீலத்தில் முக்கி எடுப்பார்கள்.

1856ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்கான குவினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். கிடைத்ததோ ஊதா வர்ணச் சாயம்! செயற்கைச் சாயத் தொழிலின் ஆரம்பம் அதுவே. 1868இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் இருவர், மஞ்சிட்டி வேரிலுள்ள அலிசரின் என்னும் சிவப்புப் பொருளையே ஆய்வுகூடத்தில் உருவாக்கிக் காட்டினர். சில ஆண்டுகளுக்குள் தொழிற்சாலைச் சிவப்பு சந்தையை நிறைத்தது. வேர் பயிரிட்ட நிலங்கள் கைவிடப்பட்டன. 1897இல் செயற்கை அவுரியும் விற்பனைக்கு வந்தது.

கடையில் ஒரு பொட்டலம் வாங்கிக் கொதிநீரில் கொட்டினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும் என்றால், மூன்று வருடம் காத்திருந்து வேர் தோண்ட யாருக்கு மனம் வரும்? அந்தப் பெண்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டு வேலை, வயல் வேலை, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் சுலபமான வழியைத் தெரிவு செய்தார்கள். ஆனால் மலிவான பொட்டலச் சாயங்கள் கழுவும்போது கசிந்தன, வெயிலில் வெளுத்தன. விரிப்பின் பெயர் கெட்டது, விலை விழுந்தது. செடிகளோ அதே வயல் ஓரத்தில் கேட்பாரற்று நின்றன.

பழைய விரிப்பிடம் கேட்ட ஆசிரியர்

இஸ்தான்பூலில் ஹரல்ட் போமர் என்ற ஜேர்மனிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். இரசாயனம் தெரிந்தவர். பள்ளிவாசல்களிலும் நூதனசாலைகளிலும் உள்ள பழைய விரிப்புகளின் வர்ணம் கண்ணுக்கு இதமாக இருப்பதும், புதியவை கண்ணைக் குத்துவதும் ஏன் என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. பழைய விரிப்புகளிலிருந்து சிறு நூல் துண்டுகளை எடுத்து அவற்றின் சாயத்தைப் பிரித்து ஆராய்ந்தார். மை பட்ட ஒற்றுத்தாளின் ஓரத்தை நீரில் வைத்தால், மை பல வர்ணங்களாகப் பிரிந்து மேலேறுவதைப் பாடசாலைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஏறக்குறைய அதே முறைதான். பிறகு கிராமப் புறங்களில் செடிகளைச் சேகரித்து, எந்தச் செடியின் சாயம் எந்த நூலின் சாயத்தோடு பொருந்துகின்றது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

பழைய வர்ணங்கள் ஏன் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பதில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. தொழிற்சாலைச் சிவப்பு தனிச் சிவப்பு. வேரின் சிவப்பிலோ வேறு பல சாயப் பொருட்களும் கலந்திருக்கின்றன. அதனால்தான் பக்கத்திலுள்ள மஞ்சளோடும் நீலத்தோடும் அது இசைந்து போகின்றது.

1981ஆம் ஆண்டு இந்த அறிவு கிராமத்துக்குத் திரும்பியது. இஸ்தான்பூலின் மர்மரா பல்கலைக்கழகத்தின் துணையோடு "டோபாக்" என்ற திட்டம் அய்வாஜிக் பகுதியில் தொடங்கப்பட்டது. இயற்கைச் சாய ஆராய்ச்சி, அபிவிருத்தித் திட்டம் என்பதன் துருக்கிய மொழிச் சுருக்கமே அப்பெயர். அடுத்து யுன்ட்டா மலைக் கிராமங்களுக்கும் அது பரவியது. ஓர் ஆசிரியர் செய்முறையைக் காட்டலாம். ஆனால் இன்றைய நீர் எப்படி, இந்த வருட வேர் எப்படி, நூல் எவ்வளவு குடிக்கும் என்பதையெல்லாம் தினமும் அண்டாவின் முன் நிற்கும் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். அதை அந்தக் கிராமத்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள்.

பெயரோடு வந்த வருமானம்

சாயம் திரும்பியதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. முன்பெல்லாம் விரிப்பை வியாபாரி வந்து வாங்கிச் செல்வார். நெய்த கை எதுவென்று வாங்குபவருக்குத் தெரியாது. விற்ற விலை எதுவென்று நெய்தவளுக்குத் தெரியாது. டோபாக் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. யுன்ட்டாவில் அமைந்தது பெண்களையே உறுப்பினராகக் கொண்ட சங்கமாகும். விரிப்புகள் தரம் பார்த்து ஏற்கப்பட்டன. நெய்தவரின் பெயரும் கிராமமும் பதியப்பட்டன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவற்றை விரும்பி வாங்கினார்கள்.

வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே, தன் பெயரில், தன் கைக்கு வந்த பணம்! அது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதை நம் வாசகியருக்கு விளக்கத் தேவையில்லை. நமது ஊர்களிலும் கூலிக்குத் தொப்பி பின்னும், பூ வேலை செய்யும் சகோதரிகள் எத்தனை பேர்! அவர்கள் செய்த பொருள் கடையில் என்ன விலைக்குப் போகின்றது என்று அவர்களுக்குத் தெரியுமா?

நமக்கு அந்நியமானதா?

"நெசவுக்குத் தறி வேண்டுமே, நம்மால் ஆகுமா?" என்று கேட்கலாம். பின்னலுக்கு இரண்டு ஊசி போதும். குரோஷேக்கு ஒன்றே போதும். பின்னல் வேலையை வெள்ளைக்காரர் கொண்டு வந்த கலையென்றே பலரும் நினைக்கின்றனர். ஆனால் உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய ஊசிப் பின்னல்களில் எகிப்தின் முஸ்லிம் ஆட்சிக் காலத்துப் பருத்திக் காலுறைகள் முக்கியமானவை. அவுரி நீலமும் வெள்ளையும் மாறி மாறி வரும் நேர்த்தியான வேலை அது. ஸ்பெயினில் 1275இல் இறந்த ஓர் இளவரசரின் கல்லறையில் பட்டுநூலால் பின்னிய தலையணை உறை ஒன்று கிடைத்தது. அதன் ஓரத்தில் "பரகத்" என்னும் பொருள்படும் அரபுச் சொல் கூபி எழுத்தில் திரும்பத் திரும்பப் பின்னப்பட்டிருக்கின்றது. கிறிஸ்தவ இளவரசருக்காக அதைப் பின்னியவர்கள் முஸ்லிம் கைவினைஞர்களே என்பது ஆய்வாளர்களின் கருத்து.

சாயமும் நமக்குப் புதிதல்ல. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலத்தில் முளைக்கும் சாயவேரை ஒல்லாந்தர் காலத்தில் தோண்டிச் சேகரித்தார்கள். பருத்தித் துணிக்குச் சிவப்பேற்ற அது பெரிதும் வேண்டப்பட்டது. அந்த வேரில் உள்ள சிவப்புப் பொருள் எது தெரியுமா? துருக்கிய வேரில் உள்ள அதே அலிசரின்தான்! அங்கே வேரை மறக்கச் செய்த தொழிற்சாலைச் சிவப்பே இங்கும் வந்தது. அவர்கள் தேடிப் பிடித்தார்கள். நாம் இன்னும் தேடவில்லை.

மருதமுனையின் கைத்தறிக்குப் பெயர் இருக்கின்றது. கிழக்கிலே பன்பாய் இழைக்கும் கைகள் இருக்கின்றன. கை நம்மிடம் உண்டு. கூடிக் கற்பதுதான் குறைவு.

வீட்டில் ஒரு சாய வகுப்பு

ஐந்தாறு சகோதரிகள் கிழமையில் ஒரு நாள் அஸருக்குப் பின் ஒரு வீட்டில் கூடினால் போதும். முதற் பாடம் நூலை அறிவது. கடைகளில் "ஊல்" என்று விற்பவற்றில் பெரும்பாலானவை செயற்கை இழை. அதில் இயற்கைச் சாயம் பிடிக்காது. சிறு துண்டை எரித்துப் பாருங்கள். முடி பொசுங்கும் வாசனையோடு நொறுங்கும் சாம்பலானால் அசல் கம்பளி. கடதாசி எரிந்த வாசனை வந்தால் பருத்தி. உருகிக் கடினமான மணியாக ஒட்டிக்கொண்டால் செயற்கை.

சாயம் நூலில் நிலைக்கப் படிகாரம் வேண்டும். 100 கிராம் கம்பளி நூலுக்கு ஏறக்குறைய 10 கிராம் படிகாரம் அளவாகும். நூலைக் கழியாகச் சுற்றி, தளர்வாகக் கட்டி, மென்மையான சவர்க்காரத்தில் கழுவுங்கள். படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, தாராளமாக நீர் விட்டு, ஈர நூலை அதில் அமிழ்த்துங்கள். மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலம் சூடேற்றி, அப்படியே ஆற விடுங்கள். கம்பளியைக் கொதிக்க விடக் கூடாது. சூட்டிலிருந்து திடீரெனக் குளிர் நீரில் போடவும் கூடாது. போட்டால் சுருங்கித் தடித்துவிடும்.

பருத்தி நூலுக்கு ஒரு படி கூடுதல். முதல் நாள் இரவு கடுக்காய்த் தூள் அல்லது மாதுளந்தோல் காய்ச்சிய நீரில் ஊற வைத்து, மறுநாள் படிகாரம் கொடுக்க வேண்டும். பருத்திக்குப் படிகாரம் சற்று அதிகமாக, 100 கிராமுக்கு 20 கிராம் வரை தேவைப்படும்.

இனிச் சாயம். குப்பைக்குப் போகும் வெங்காயச் சருகைச் சேர்த்து வாருங்கள். நூலின் எடைக்குச் சரி எடை சருகை ஒரு மணித்தியாலம் அவித்து வடியுங்கள். அந்த நீரில் நூலை இட்டு மெல்லிய சூட்டில் முக்கால் மணித்தியாலம் வையுங்கள். பொன்மஞ்சள் கிடைக்கும். மாதுளந்தோல் மங்கலான மஞ்சளும், தேயிலை கபிலமும், பதங்கிக் கட்டை சிவப்பும் தரும். நம் அடுப்படி மஞ்சள் உடனே பளிச்சென்று பிடிக்கும். ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். அதை நம்பி விற்பனைப் பொருள் செய்ய வேண்டாம்.

சாயத்துக்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிறகு சமைக்கக் கூடாது. ஆவி முகத்தில் படாமல் முற்றத்தில் வேலை செய்யுங்கள். சிறுபிள்ளைகளை அருகில் விட வேண்டாம்.

கொப்பியும் கணக்கும்

வகுப்புக்கு இரண்டு ஒழுங்குகள் போதும். முதலாவது, ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வைத்திருக்க வேண்டும். நூலின் எடை, படிகாரத்தின் அளவு, எந்தத் தோல், எவ்வளவு நேரம் என்று எழுதி, சாயமேற்றிய நூலில் விரல் நீளத் துண்டொன்றைப் பக்கத்தில் கட்டி வையுங்கள். அந்தத் துண்டில் பாதியைச் சில கிழமை வெயிலில் காய விட்டு ஒப்பிட்டால், எந்த வர்ணம் நிலைக்கும் என்று நீங்களே அறிவீர்கள். இரண்டாவது, கற்ற ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். செய்முறையை மறைத்து வைத்தால் போட்டி குறையும் என்று நினைப்பது தவறு. மறைத்து வைத்த கலை மறைத்தவரோடு போய்விடும்.

விற்க நினைப்பவர்கள் கணக்கும் பழக வேண்டும். ஒரு தொப்பிக்கு நூல், விறகு, படிகாரம் எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் சென்றது என்று எழுதுங்கள். நேரத்துக்கு விலை போடாத வேலை தொழிலாகாது. ஒரு சிறு துணிப் பட்டியில் பின்னியவரின் ஊரையும், விரும்பினால் பெயரையும் தைத்து விடுங்கள். யுன்ட்டாவின் பெண்கள் அதில்தான் தம் கைக்கு மதிப்பைக் கண்டார்கள்.

எல்லோருக்கும் இதில் பெரிய வருமானம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் என்றாவது நம் பேத்தி நமது பெட்டியைத் திறந்து, "இந்த வர்ணத்தை எதில் காய்ச்சினார்?" என்று கேட்பாள். அப்போது நாம் இல்லாவிட்டாலும், நூல் கட்டிய அந்தக் கொப்பி பதில் சொல்லும்.

இன்று சமைக்கும்போது வெங்காயச் சருகை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள், சகோதரிகளே. முதல் வகுப்புக்கு அதுவே முதல்.